மருந்தாளுநர் பணி: நிரந்தர வேலையா, நாள் கணக்கில் லோக்கமா? – பிரிட்டனில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் நான்கு ஆண்டு எம்ஃபார்ம் படிப்பு, அதன்பின் ஓராண்டுப் பயிற்சி, கடைசியில் பதிவுத் தேர்வு. இவை அனைத்தையும் கடந்து மருந்தாளுநராகப் பதிவு பெற்ற பிள்ளை வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "வாப்பா, ஒரு கம்பெனியில் நிரந்தரமாகச் சேரட்டுமா, இல்லை லோக்கம் பார்க்கட்டுமா? லோக்கமில் மணிக்குக் கூடுதலாகத் தருகிறார்களே?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பல வீடுகளில் இதற்கான பதில் மணிக்கு எத்தனை பவுண்டு என்ற ஒரே கணக்கில் முடிந்துவிடுகிறது. வரி, விசா, நோய் விடுப்பு, பேறுகால உதவி, வீடு வாங்குவது, தொழிலில் முன்னேறுவது, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற மற்றக் கணக்குகள் ஓரிரு ஆண்டுகள் கழித்தே கண்ணில் படுகின்றன. ஊரிலிருந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கிருந்து ஆலோசனை சொல்லும் பெற்றோருக்கு இந்த விவரங்கள் தெரிய வாய்ப்பும் குறைவு. எனவே இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே பார்ப்போம்.

லோக்கம் என்றால் என்ன?

ஒரு மருந்தகத்தின் வழக்கமான மருந்தாளுநர் விடுப்பில் இருக்கும்போதோ, அந்த இடம் காலியாக இருக்கும்போதோ, நாள் கணக்கில் அல்லது வாரக் கணக்கில் வந்து பணியாற்றுபவரே லோக்கம் மருந்தாளுநர். பிரிட்டனில் பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்தகம் இயங்க முடியாது. ஆகவே ஒரு நாள் ஆள் இல்லையென்றாலும் மாற்று ஆள் தேவைப்படுகிறார். இந்தத் தேவையில்தான் லோக்கம் தொழிலே நிற்கிறது.

பெரும்பாலான லோக்கம் மருந்தாளுநர்கள் சுயதொழில் செய்பவர்களாகக் கணக்கிடப்படுகிறார்கள். மருந்தக உரிமையாளரிடம் நேரடியாகவோ, இடைத்தரகு நிறுவனம் அல்லது செயலி வழியாகவோ வேலை நாளைப் பதிவு செய்துகொள்கிறார்கள். செய்த வேலைக்குத் தாமே பில் அனுப்பிப் பணம் பெறுகிறார்கள். நிரந்தரப் பணியாளருக்கு மாதம் முடிந்ததும் வரி பிடித்தம் போகச் சம்பளம் வங்கிக்கு வந்துவிடும். லோக்கம் செய்பவருக்கு முழுத் தொகையும் கைக்கு வரும். அதில் எவ்வளவு தம்முடையது, எவ்வளவு அரசுக்குரியது என்பதை அவரே பிரித்து வைக்க வேண்டும்.

மணிக் கட்டணமும் ஆண்டுச் சம்பளமும்

லோக்கம் கட்டணம் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஆள் பற்றாக்குறையில் உயர்ந்தது. பிறகு பல பகுதிகளில் இறங்கியது. கீழே வருவது கணக்கு முறையைப் புரிந்துகொள்வதற்காக நாம் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுத் தொகைகள் மட்டுமே. உங்கள் பகுதியின் உண்மையான தொகையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

நிரந்தர வேலையில் ஆண்டுக்கு 48,000 பவுண்டு, வாரம் 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 52 வாரத்தால் வகுத்தால் மணிக்கு 23 பவுண்டு வரும். பக்கத்தில் லோக்கமில் 28 பவுண்டு என்றால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் நிரந்தரப் பணியாளர் 52 வாரமும் வேலை செய்வதில்லை. சட்டப்படி அவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 5.6 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அதைக் கழித்தால் அவர் உண்மையில் வேலை செய்வது 46.4 வாரம், அதாவது 1,856 மணி நேரம். 48,000 பவுண்டை இந்த மணிகளால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 25.86 பவுண்டு. இதோடு முதலாளி செலுத்தும் குறைந்தபட்ச ஓய்வூதியப் பங்கு சுமார் 1,250 பவுண்டையும் சேர்த்தால் மணிக்கு 26.50 பவுண்டைத் தாண்டுகிறது.

இனி லோக்கம் பக்கம். அதே 1,856 மணி நேரமும் தடையில்லாமல் வேலை கிடைத்தால் 28 பவுண்டு வீதம் 51,968 பவுண்டு. பத்தில் ஒரு நாள் வேலை கிடைக்காமலோ, கடைசி நேரத்தில் ரத்தாகியோ, உடல்நலமின்மையாலோ போய்விட்டால் 46,771 பவுண்டு. இதில்தான் தொழில் காப்பீடு, பதிவுக் கட்டணம், பயிற்சிச் செலவு, கார் செலவு எல்லாம் போக வேண்டும். ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய்த் திரும்பும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. சில இடங்களில் மதிய இடைவேளையையும் கழித்துவிடுகிறார்கள்.

5 பவுண்டு வித்தியாசம் போலத் தெரிந்தது கணக்குப் போட்டால் ஒன்றரைப் பவுண்டாகச் சுருங்குகிறது. வேலை நாள் குறைந்தால் அதுவும் தலைகீழாகிவிடுகிறது. இதற்காக லோக்கமில் இலாபமே இல்லை என்று சொல்லவில்லை. ஆள் கிடைக்காத கிராமப்புறப் பகுதிகளுக்குப் போகத் தயாராக இருப்பவர்கள், வார இறுதியிலும் அவசர நாள்களிலும் வேலை எடுப்பவர்கள் நல்ல தொகை ஈட்டுகிறார்கள். ஒப்பிடும்போது சரியான இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும் என்பதே நாம் சொல்வது.

சம்பளச் சீட்டில் தெரியாத பயன்கள்

நிரந்தர வேலையின் மதிப்பு நெருக்கடி வரும்போதுதான் தெரியும்.

*நோய்.* அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் மருத்துவமனையில் சேரும் மருந்தாளுநருக்கு முதல் ஆண்டிலேயே ஒரு மாதம் முழு ஊதியம், இரண்டு மாதம் அரை ஊதியம் என நோய் விடுப்பு உண்டு. ஐந்து ஆண்டு சேவைக்குப் பிறகு இது ஆறு மாதம் முழு ஊதியம், ஆறு மாதம் அரை ஊதியம் என்று உயர்கிறது. தனியார் மருந்தகங்களில் இது ஒப்பந்தத்தைப் பொறுத்தது; ஆனாலும் சட்டபூர்வமான குறைந்தபட்ச நோய்க்கால ஊதியம் உண்டு. சுயதொழிலாக லோக்கம் செய்பவருக்கு அதுவும் இல்லை. கால் முறிந்து இரண்டு மாதம் படுத்தால் இரண்டு மாத வருமானமும் இல்லை.

*பேறுகாலம்.* நம் சமுதாயப் பெண்கள் பலர் மருந்தாளுநர் படிப்பைத் தேர்ந்தெடுப்பதால் இதை விரிவாகப் பார்க்க வேண்டும். பணியாளராக இருப்பவர், பிரசவ வாரத்துக்கு முந்தைய 15ஆவது வாரத்துக்குள் அதே முதலாளியிடம் 26 வாரம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் சட்டபூர்வப் பேறுகால ஊதியத்துக்கு உரிமை பெறுகிறார். மொத்தம் 39 வாரம்: முதல் 6 வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், மீதி 33 வாரம் அரசு நிர்ணயிக்கும் தொகை. என்எச்எஸ் பணியில் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். சுயதொழில் செய்யும் பெண்ணுக்கு இந்த ஊதியம் கிடையாது. அரசு தரும் பேறுகால உதவித்தொகை உண்டு. அதற்கும் பிரசவத்துக்கு முந்தைய 66 வாரத்தில் குறைந்தது 26 வாரம் தொழில் செய்திருக்க வேண்டும். முழுத் தொகை பெற இரண்டாம் வகைத் தேசியக் காப்பீட்டுப் பங்கும் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். திருமணமாகி ஓரிரு ஆண்டில் குழந்தையை எதிர்பார்க்கும் தம்பதியர் வேலை வகையை மாற்றுவதற்கு முன் இந்தத் தேதிகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

*ஓய்வூதியம்.* சாதாரண தனியார் வேலையில் முதலாளியின் பங்கு குறைந்தது 3 சதவீதம். இங்கிலாந்தில் என்எச்எஸ் ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி தரப்பு செலுத்தும் பங்கு 2024 ஏப்ரல் முதல் 23.7 சதவீதம். லோக்கம் கட்டணத்தில் இதற்கு ஈடு ஏதும் இல்லை. வட்டி கலந்திருக்குமோ என்ற ஐயத்தில் நம்மவர்கள் சிலர் ஓய்வூதியத் திட்டத்திலிருந்தே விலகிவிடுகிறார்கள். விலகினால் முதலாளியின் பங்கும் போய்விடும். நெஸ்ட் போன்ற ஓய்வூதிய அமைப்புகளில் ஷரீஆ நிதி என்ற தனித் தேர்வு இருக்கிறது. விலகுவதற்கு முன் அப்படி ஒரு தேர்வு உங்கள் திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். ஐயமிருந்தால் ஆலிம்களிடம் விவரத்தை வைத்து விளக்கம் பெறுங்கள்.

*வேலை போனால்.* நிரந்தரம் என்ற பெயர் இருந்தாலும் எந்த வேலையும் முழு நிரந்தரம் இல்லை. நாட்டின் பெரிய மருந்தகத் தொடர்களில் ஒன்றான லாயிட்ஸ் பார்மசி 2023இல் தன் கடைகளை விற்றும் மூடியும் அந்தத் துறையிலிருந்தே வெளியேறியது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. கடை இன்னொருவருக்குக் கைமாறினால் பணியாளர்கள் தங்கள் பழைய ஒப்பந்த உரிமைகளோடு புதிய உரிமையாளரிடம் போகிறார்கள். கடை மூடப்பட்டால், இரண்டு ஆண்டு சேவை முடித்தவருக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. சுயதொழிலாக வந்துபோகும் லோக்கமுக்கு அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கடை இல்லை, அவ்வளவுதான்.

வரி: முதல் ஆண்டில் வரும் அதிர்ச்சி

லோக்கம் தொடங்கிய பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் 2025 ஏப்ரலில் லோக்கம் தொடங்கி, செலவு போக 45,000 பவுண்டு ஈட்டுகிறார். அந்த வரியாண்டு 2026 ஏப்ரல் 5இல் முடிகிறது. 2026 அக்டோபர் 5க்குள் அவர் வரித்துறையில் சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்ய வேண்டும். கணக்கும் வரியும் 2027 ஜனவரி 31க்குள் செலுத்த வேண்டும்.

இங்கிலாந்து வரி விகிதப்படி, 12,570 பவுண்டுக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீத வருமான வரி 6,486 பவுண்டு. நான்காம் வகைத் தேசியக் காப்பீடு 6 சதவீத வீதம் 1,946 பவுண்டு. ஆக ஏறத்தாழ 8,432 பவுண்டு. இதோடு முடிந்தால் பரவாயில்லை. அடுத்த ஆண்டுக்கான முன்பணமாக இதில் பாதி, அதாவது 4,216 பவுண்டும் அதே ஜனவரி 31இல் கட்ட வேண்டும். மொத்தம் 12,648 பவுண்டு. பிறகு ஜூலை 31இல் இன்னொரு 4,216.

இருபது மாதமாகக் கைக்கு வந்த பணம் எல்லாம் தம்முடையது என்று நினைத்துக் கார் வாங்கியவர், ஊருக்கு அனுப்பியவர், தங்கையின் திருமணத்துக்குக் கொடுத்தவர் அந்த ஜனவரியில் தவித்துப் போகிறார். கடன் வாங்கி வரி கட்டினால் வட்டியிலும் மாட்ட நேரிடும். எனவே லோக்கம் பணம் வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கை வேறொரு கணக்கில் ஒதுக்கிவிடுவது பாதுகாப்பு. படிப்புக் கடன் இருப்பவர்களுக்கு அதன் தவணையும் இதே வரிக் கணக்கோடு சேர்ந்தே வரும்.

சுயதொழிலில் சில கழிவுகளும் உண்டு. வெவ்வேறு தற்காலிக இடங்களுக்குச் செல்லும் பயணம், தொழில் காப்பீடு, பதிவுக் கட்டணம் போன்றவற்றைச் செலவாகக் காட்டலாம். அதற்கு ரசீதும் பயணக் குறிப்பும் வேண்டும். சுயதொழிலிலிருந்தும் வாடகையிலிருந்தும் வரும் மொத்த வருவாய் 50,000 பவுண்டுக்கு மேல் உள்ளவர்கள் 2026 ஏப்ரல் முதல் மின்கணக்கு வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரித்துறைக்கு விவரம் அனுப்பவும் வேண்டும். 2027 ஏப்ரல் முதல் இந்த வரம்பு 30,000 ஆகக் குறைகிறது.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே கடையில், ஒரே நேர அட்டவணையில், ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவிட்டு 'நான் சுயதொழில்' என்று சொன்னால் மட்டும் வரித்துறை ஏற்காது. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியுமா, வேலை தரவும் ஏற்கவும் இருதரப்புக்கும் கட்டாயம் உண்டா என்பதையெல்லாம் பார்த்தே அது முடிவாகும். சொந்தமாக லிமிடெட் கம்பெனி வைத்து அதன் வழியாக வேலை செய்பவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. கணக்காளரிடம் கேட்காமல் நண்பர் சொன்னதைக் கேட்டு கம்பெனி தொடங்குவது வேண்டாம்.

விசா: ஊரிலிருந்து வந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

தமிழ்நாட்டில் பி.ஃபார்ம் முடித்து வருபவர்கள் நேரடியாக இங்கே மருந்தாளுநராக முடியாது. தகுதி மதிப்பீடு, ஆஸ்பாப் எனப்படும் ஓராண்டு முதுநிலைப் படிப்பு, 52 வாரப் பயிற்சி, மூன்று முயற்சிக்குள் வெற்றி பெற வேண்டிய பதிவுத் தேர்வு ஆகியவற்றைக் கடந்தே ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சிலில் பதிவு பெற முடியும்.

இந்தப் பாதையில் வருபவருக்கு வேலைத் தேர்வை விசாவே தீர்மானித்துவிடுகிறது. மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. ஸ்கில்டு வொர்க்கர் விசா, ஆதரவளிக்கும் முதலாளியின் குறிப்பிட்ட வேலையோடு பிணைக்கப்பட்டது. அதை விட்டுவிட்டு லோக்கமை நம்பி வாழ முடியாது. கூடுதல் வேலைக்கு உள்ள சலுகைக்கும் நேர வரம்பும் நிபந்தனைகளும் உண்டு. 'ஒரு சனிக்கிழமை தானே' என்று சுயதொழிலாக ஒரு நாள் பார்ப்பதுகூடப் பின்னாளில் விசா நீட்டிப்பில் கேள்வியாக வரலாம். அதே சமயம், ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் உள்ளவரின் துணைவராக வந்தவருக்குச் சுயதொழில் உட்பட வேலை செய்ய அனுமதி உண்டு. கணவன், மனைவி இருவருமே மருந்தாளுநர் என்றால், விசாவுக்குரியவர் நிரந்தர வேலையிலும் மற்றவர் லோக்கமிலும் இருப்பது சட்டப்படி சாத்தியம்.

தொழில் கற்கும் ஆண்டுகள்

தேர்வில் வெற்றி பெற்ற மறுநாளே லோக்கம் பார்க்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் அது புத்திசாலித்தனமா என்று பார்க்க வேண்டும்.

மருந்தகப் பணி இன்று மாத்திரையை எண்ணிக் கொடுப்பதோடு நிற்பதில்லை. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் 'பார்மசி ஃபர்ஸ்ட்' திட்டத்தில் தொண்டைப் புண், காதுவலி, சைனஸ் தொல்லை, அக்கி, பூச்சிக்கடித் தொற்று, தோலில் வரும் இம்பெட்டிகோ தொற்று, பெண்களின் சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழு நோய்களுக்கு, வரையறுத்த நெறிமுறைப்படி, மருந்தாளுநரே பரிசோதித்து மருந்து தரலாம். தடுப்பூசியும் போடுகிறார்கள். 2026 முதல் எம்ஃபார்ம் முடித்துப் பதிவு பெறும் புதியவர்கள் மருந்து எழுதிக்கொடுக்கும் தகுதியையும் சேர்த்தே பெறுகிறார்கள். அதற்கு முன் பதிவு பெற்றவர்கள் தனியாகப் படித்துத்தான் அந்தத் தகுதியைப் பெற வேண்டும். அதற்கு மேற்பார்வையிட ஒரு மூத்த மருத்துவரோ மருந்து எழுதும் தகுதி பெற்றவரோ முன்வர வேண்டும். ஓரிடத்தில் நிலையாக இருப்பவருக்கு அப்படி ஒருவர் கிடைப்பது எளிது. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று போகும் லோக்கமுக்குக் கடினம்.

ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கத் தேவையான கற்றல் பதிவுகளுக்கும், சக தொழிலர் ஒருவருடன் நடத்த வேண்டிய உரையாடலுக்கும் இது பொருந்தும். நிரந்தரப் பணியில் நிறுவனமே பயிற்சிக்கு நேரமும் செலவும் தரும் வாய்ப்பு உண்டு. லோக்கமில் பயிற்சி நாள் என்றால் அன்று கூலி இல்லாத நாள்.

அதைவிட முக்கியம், தவறைச் சுட்டிக்காட்டும் மூத்தவர் பக்கத்தில் இருப்பது. முதல் இரண்டு ஆண்டுகளை ஒரு மருத்துவமனையிலோ நல்ல மருந்தகத்திலோ கழித்தவர் பின்னாளில் எங்கே போனாலும் சமாளித்துவிடுவார்.

வேலை தற்காலிகம், பொறுப்பு தற்காலிகமில்லை

பிரிட்டனில் 'ரெஸ்பான்சிபிள் பார்மசிஸ்ட்' என்ற பொறுப்பு மருந்தாளுநர் விதி 2009 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் யார் பொறுப்பு என்று பெயரும் பதிவு எண்ணும் எழுதிய அறிவிப்பை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் வந்த லோக்கம் அந்த அறிவிப்பை மாட்டிய நொடியிலிருந்து, அதுவரை தாம் கண்டிராத ஒரு கடையின் பாதுகாப்பான இயக்கத்துக்குப் பொறுப்பாகிறார்.

இது வெறும் காகிதப் பொறுப்பு இல்லை. 2009இல் லோக்கம் மருந்தாளுநர் ஒருவர், பிரெட்னிசலோன் என்று கொடுக்க வேண்டிய இடத்தில் பிராப்ரனலால் கொடுத்துவிட்ட வழக்கில், மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு அது நிறுத்தி வைக்கப்பட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது 300 பவுண்டு அபராதமாகக் குறைந்தது. நாடெங்கும் மருந்தாளுநர்களை உலுக்கிய வழக்கு அது. பிறகு 2018இல் வந்த சட்டத் திருத்தம், பதிவு பெற்ற மருந்தகத்தில் தம் தொழிலை முறையாகச் செய்யும்போது அறியாமல் நேர்ந்த பிழைக்கு, நிபந்தனைகளோடு குற்ற வழக்கிலிருந்து தற்காப்பு அளிக்கிறது. ஆனாலும் தொழில் ஒழுங்கு விசாரணையும் இழப்பீட்டு வழக்கும் வரக்கூடும். அதனால்தான் தொழில் காப்பீடு கட்டாயம். நிரந்தரப் பணியாளருக்குப் பெரும்பாலும் முதலாளியின் காப்பீடு துணை நிற்கும். லோக்கம் தாமே எடுக்க வேண்டும். தடுப்பூசி, பார்மசி ஃபர்ஸ்ட் போன்ற கூடுதல் சேவைகளும் அதில் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

புதிய கடைக்குப் போகும் லோக்கம் முதல் அரை மணி நேரத்தில் சிலவற்றைப் பார்த்துவிடுவது நல்லது:

- இன்று எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள், அவர்களின் தகுதி என்ன?
- கட்டுப்பாட்டு மருந்துகளின் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, பதிவேடு சரியாக இருக்கிறதா?
- குளிர்பெட்டியின் வெப்பநிலை குறிக்கப்பட்டிருக்கிறதா?
- மெதடோன் போல் கண்முன் அருந்த வேண்டிய மருந்து வாங்க வருபவர்கள் உண்டா?
- முந்தைய நாள் முடியாமல் விட்ட மருந்துச் சீட்டுகள் எத்தனை?
- ஏதேனும் பிழை நேர்ந்தால் யாருக்குத் தகவல் தர வேண்டும்?

ஆள் போதாமல் கடை பாதுகாப்பாக இயங்காது என்று தெரிந்தால் அதைச் சொல்லும் துணிவு வேண்டும். 'அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ' என்ற அச்சம் லோக்கமை வாயடைக்கச் செய்யும் இடம் இது. கூப்பிடாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். பேசாமல் இருந்தால் ஓர் உயிரும், ஐந்து ஆண்டு உழைத்துப் பெற்ற பதிவும் ஆபத்துக்குள்ளாகலாம்.

ஜும்ஆ, நோன்பு, குடும்பம்

லோக்கமை நம்மவர்கள் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாளைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளிக்கிழமை வேலை எடுக்காமல் இருக்கலாம், ரமளானின் கடைசிப் பத்து நாளை ஒதுக்கிக்கொள்ளலாம், பெருநாளன்று யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை, உம்மாவுக்கு உடல்நலமில்லை என்றால் ஊருக்கு ஒரு மாதம் போய் வரலாம். இது உண்மையான நன்மை. பணத்தால் அளக்க முடியாதது.

ஆனால் வெள்ளிக்கிழமை வேலையை ஏற்றுவிட்டு ஜும்ஆவுக்குப் போவதில் சட்டச் சிக்கல் உண்டு. பொறுப்பு மருந்தாளுநர் ஒரு நாளில் 2 மணி நேரம் வரை கடையில் இல்லாமல் இருக்க விதி இடம் தருகிறது. அப்போதும் அவர் தொடர்புகொள்ளக் கூடிய நிலையில் இருக்க வேண்டும் அல்லது வேறொரு மருந்தாளுநரை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. எனவே நாளைப் பதிவு செய்யும்போதே 'மதியம் இவ்வளவு நேரம் தொழுகைக்குப் போவேன்' என்று எழுத்தில் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சொல்லாமல் போய், மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையில் காத்திருந்தால் நம் மீதும், நமக்குப் பின் வருபவர்கள் மீதும் நம்பிக்கை குறையும்.

நிரந்தர வேலையிலும் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சேரும் முன்பே பேசினால் மதிய இடைவேளையை ஜும்ஆ நேரத்துக்கு மாற்றித் தர பல முதலாளிகள் இணங்குகிறார்கள். இரண்டு மருந்தாளுநர்கள் உள்ள கடையிலும் மருத்துவமனையிலும் இது இன்னும் எளிது.

வீடு வாங்கும் திட்டம் இருந்தால்

வங்கிக் கடனோ, வட்டியில்லா வீட்டுக் கொள்முதல் திட்டமோ, பணம் தரும் நிறுவனம் வருமானத்துக்குச் சான்று கேட்கும். நிரந்தரப் பணியாளர் சில மாதச் சம்பளச் சீட்டும் ஒப்பந்தமும் காட்டினால் போதும். சுயதொழில் செய்பவரிடம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு வரிக் கணக்கு கேட்கிறார்கள். வரியைக் குறைக்கச் செலவை அதிகம் காட்டியவருக்கு அங்கே வருமானம் குறைவாகத் தெரியும். அடுத்த ஆண்டு வீடு வாங்க எண்ணுபவர் இந்த ஆண்டு லோக்கமுக்கு மாறுவது காலப் பொருத்தமற்றது.

நடுவழியும் இருக்கிறது

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. வாரம் மூன்று அல்லது நான்கு நாள் நிரந்தர ஒப்பந்தம், ஒரு நாள் லோக்கம் என்று வைத்துக்கொள்பவர்கள் பலர். விடுப்பு, ஓய்வூதியம், பேறுகால உரிமை நிரந்தர வேலையில் வேலை நேரத்துக்கேற்பத் தொடரும். கூடுதல் வருமானமும் வரும். நிரந்தர ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைகளில் 'பேங்க்' பணி என்ற முறையும் உண்டு. தேவைப்படும் நாளில் மட்டும் அழைப்பார்கள், ஆனால் பணியாளராகவே கணக்கிட்டு வரியும் பிடித்துத் தருவார்கள்.

புதிதாகப் பதிவு பெற்றவர், விசா ஆதரவில் இருப்பவர், ஓரிரு ஆண்டில் குழந்தையையோ வீட்டையோ எதிர்பார்ப்பவர் ஆகியோருக்கு நிரந்தர வேலையே நல்லது என்பது நம் கருத்து. சில ஆண்டு அனுபவமும், ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பும், துணைவரின் நிலையான வருமானமும் உள்ளவருக்கு லோக்கம் பொருந்தும். சிறு குழந்தைகளோடு வாரம் இரண்டு நாள் மட்டும் வேலை செய்ய விரும்பும் தாய்மார்களுக்கும், பெற்றோரைப் பார்க்க அடிக்கடி ஊருக்குப் போக வேண்டியவர்களுக்கும், ஓய்வை நெருங்கும் மூத்தவர்களுக்கும் அது நல்ல வழி.

முடிவெடுக்கும் முன் குடும்பமாக உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். நம் விசா எதை அனுமதிக்கிறது? மூன்று மாதம் வேலை இல்லாவிட்டால் வாடகை யார் கட்டுவது? அடுத்த ஜனவரி வரிப் பணம் எங்கே இருக்கும்? சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்க ஒரு மூத்த மருந்தாளுநர் இருக்கிறாரா? அடுத்த இரண்டு ஆண்டில் குடும்பத்தில் வரவிருக்கும் பெரிய செலவு என்ன?

ஐந்துக்கும் தெளிவான பதில் இருந்தால் லோக்கமைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு, மூன்றுக்குப் பதில் இல்லையென்றால், மணிக்குச் சில பவுண்டு குறைவானாலும் நிரந்தர வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். லோக்கம் எங்கும் போய்விடாது. இன்ஷா அல்லாஹ், அப்போது அனுபவமும் சேமிப்பும் கையில் இருக்க, நிதானமாக முடிவெடுக்கலாம்.